கோட்டுக்கு இந்தப் பக்கம்

"அந்தக் குளிர்காலத்துல உன் அக்கா எங்கேம்மா தூங்கினா?"

ராக்னாவிடம் இதைக் கேட்டவர் நில அலுவலகத்து அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, அன்றைக்குக் கேட்ட எத்தனையோ கேள்விகளில் ஒன்றாகத்தான் இதையும் கேட்டார். கேட்டதை அவர் அன்றே மறந்திருப்பார். ராக்னாவால் மறக்க முடியவில்லை. ரொட்டிக்கு மாவு தேய்க்கும்போதும், பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துப் பால் கறக்கும்போதும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். அவள் வேறு பதில் சொல்லிப் பார்ப்பாள். "வீட்டில்." அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அது பொய்கூட இல்லை.

அமெரிக்காவில் டகோட்டாவுக்கு வந்தபோது அக்கா சின்னேவாவுக்கு இருபத்தெட்டு வயது. ராக்னாவுக்கு இருபத்தொன்று முடிந்து ஒன்பது நாள். நார்வேயில் அப்பாவின் நிலம் முழுதும் அண்ணனுக்குப் போய்விட்டது. அண்ணி வீட்டில் பால்குடம் கழுவிக் காலம் தள்ளுவதைவிடக் கடல் தாண்டிப் போவது மேல் என்று முடிவெடுத்தவள் சின்னேவாதான். ராக்னா பின்னாலேயே வந்தாள். எப்போதும் அப்படித்தான்.

இங்கே மணமாகாத பெண்ணும் தன் பெயரில் நூற்றறுபது ஏக்கர் எழுதிக்கொள்ளலாம். ஐந்து வருடம் அந்த நிலத்திலேயே குடியிருந்து, உழுது விதைத்து, பிறகு சாட்சிகளோடு போய் அதை நிரூபித்தால் பட்டா கிடைக்கும். சேர்ந்தாற்போல் ஆறு மாதம் நிலத்தை விட்டு இருந்தால் உரிமை போய்விடும். போனது போனதுதான். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் அது.

அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த நிலங்களை எழுதிக்கொண்டார்கள். ஆளுக்கொரு வீடு கட்டத் தெம்பில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஓஸ்முண்ட்தான் வழி சொன்னார். அவரும் அவர்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்தான்.

"எல்லைக் கோடு மேலயே ஒரு வீட்டைக் கட்டுங்க. பாதி உன்னோடது, பாதி அவளோடது. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு கட்டில். அவங்கவங்க நிலத்துல அவங்கவங்க தலையைச் சாய்ச்சா போதும். சட்டம் அதுக்கு மேல கேட்காது."

அளவைக்காரர்கள் அடித்திருந்த முளைகளுக்கு நடுவே கயிறு பிடித்து, அந்தக் கயிறு வீட்டின் நடுவில் போகும்படி கட்டினார்கள். புல்வேரோடு வெட்டிய மண்பாளங்களை அடுக்கி எழுப்பிய வீடு. மழை பெய்தால் மூன்று நாள் உள்ளே சொட்டும். சின்னேவா தன் நிலத்து ஓடையிலிருந்து வெள்ளைக் கூழாங்கற்களைப் பாவாடையில் அள்ளி வந்து, மண்தரையில் அந்தக் கயிறு போன வழியில் ஒவ்வொன்றாகப் பதித்தாள். மேற்குப் பக்கம் அவளுடையது. கிழக்குப் பக்கம் ராக்னாவுடையது. இருந்தது ஒரே அடுப்பு. அது ராக்னாவின் பக்கம் வந்தது. மேசை நட்டநடுவில், கோட்டின் மேல்.

கல்வரிசையைத் தாண்டும்போது மேசையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். அது சின்னேவா கொண்டுவந்த வழக்கம்.

"பக்கத்து வீட்டம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க. காலைத் துடைச்சிட்டு வாங்க."

"என்னம்மா உங்க வீட்டுல இவ்வளவு புகை? எங்க பக்கமெல்லாம் எப்படி இருக்கு பாருங்க."

"உங்க பக்கம் அடுப்பே இல்லையே, புகை எங்கிருந்து வரும்?"

சின்னேவா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். மனிதர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் ராக்னாவுக்கு வாய் திறக்காது. தேவாலயத்தில் பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். அந்தக் கல்வரிசையின் இரு பக்கத்திலும்தான் அவள் பேச்சுக்காரி.

இரண்டாம் வருடம், 1880இல், அந்தக் குளிர்காலம் வந்தது. அக்டோபர் நடுவிலேயே பனிப்புயல் அடித்தது. உருளைக்கிழங்கைக்கூடத் தோண்டி முடிக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் தள்ளித் திறந்து பார்த்தபோது மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. தோண்டிப் பசுவை உயிரோடு எடுத்தார்கள். டாக்ரோஸ் என்று அதற்குப் பெயர். வைக்க வேறு இடமில்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

யார் பக்கம் கட்டுவது என்ற பேச்சே எழவில்லை. ராக்னாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமினால் துணியில் ரத்தம் தெரிந்தது.

"நீ அடுப்பை விட்டு நகரக் கூடாது. மாடு என் பக்கம் இருக்கட்டும்."

"உன் கட்டில்?"

"பிரிச்சு வெளிய சாத்திடலாம். உன் கட்டில்ல ஓரமா படுத்துக்கறேன். நீ என்ன, எலும்புக்கூடு, எவ்வளவு இடம் அடைச்சிடப் போற?"

அப்படித்தான் அந்தக் குளிர்காலம் கழிந்தது. விறகு இல்லை. காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டார்கள். உள்ளங்கை வெடித்தது. காப்பிக் கொட்டை தீர்ந்து, வாற்கோதுமையைக் கருக வறுத்து அதையே காப்பி என்று குடித்தார்கள். படுக்கையில் சின்னேவா தங்கையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, இருமல் வரும்போதெல்லாம் எழுப்பி உட்கார வைப்பாள். ஒரு போர்வைத் தட்டிக்கு அந்தப் பக்கம் டாக்ரோஸ் அசைபோடும் சத்தம் கேட்கும். கொட்டகையைத் திரும்பக் கட்ட மண்பாளம் வெட்ட வேண்டும். தரை இளகி மண்பாளம் வெட்ட முடிந்தது மே மாதத்தில்தான். அதற்குப் பிறகுதான் மாடு வெளியே போயிற்று, சின்னேவாவின் கட்டில் அதன் இடத்துக்கு வந்தது.

அக்டோபர் நடுவிலிருந்து மே வரை. அப்போது யாரும் விரல் மடக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு கோடையில், ஓஸ்முண்ட் வீட்டில் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தை யார் யார் எப்படித் தள்ளினோம் என்று பேச்சு வந்தது. ஒருவர் கோழிகளைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாராம். ஒருத்தி நாற்காலிகளை எரித்தாளாம். ராக்னாவுக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தாள்.

"எங்க அக்கா நிலத்துல அந்த வருஷம் குடியிருந்தது டாக்ரோஸ்தான். பட்டா கொடுக்கறதா இருந்தா மாடு பேருக்குத்தான் கொடுக்கணும்."

கூரை இடியும்படி சிரித்தார்கள். ஓஸ்முண்ட் காப்பியைத் தாடியில் சிந்திக்கொண்டார். "பாருடா, ஊமைச்சிக்குள்ள இவ்வளவு இருக்கா!" என்றார். சின்னேவாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ராக்னாவின் கன்னம் சூடாக இருந்தது. நாலு பேரைச் சிரிக்க வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நல்ல வேடிக்கைப் பேச்சு ஒரு வீட்டில் நிற்காது. அது மாவு அரைக்கும் இடத்துக்குப் போயிற்று, கொல்லன் பட்டறைக்குப் போயிற்று. எங்கோ ஓரிடத்தில் டக்கெட் என்பவன் காதில் விழுந்தது. அவன் கிழக்கிலிருந்து வந்தவன். சின்னேவாவின் நிலத்துக்குத் தெற்கே அவனுக்கு நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. ஓடை வளைந்து ஓடியது சின்னேவாவின் நிலத்தில். அவன் சிரித்தானோ இல்லையோ, நினைவில் வைத்துக்கொண்டான்.

இதற்கிடையில் ஹால்வர் வந்தான். தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை செய்தவன். அவனும் முன்பு ஒரு நிலம் எழுதி, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் தின்றுவிட, விட்டுவிட்டு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். சின்னேவாவின் கதவைத்தான் தட்டுவான். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவான். பட்டா கைக்கு வரும் முன் கல்யாணம் செய்துகொண்டால் சிக்கல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று வருடம் காத்திருந்தான். நல்லவன். ராக்னாவுக்கு அவன்மேல் சொல்லக் குறை ஒன்றும் இல்லை. அதுவேதான் அவளுக்குக் குறை.

ஐந்து வருடம் முடிந்தது. இருவரும் ஒரே நாளில் நிரூபிக்கப் போவதாக ஏற்பாடு. சட்டப்படி செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. அதைப் பார்த்து டக்கெட் ஆட்சேபம் எழுதிப் போட்டான். சின்னேவா ஆறு மாதத்துக்கு மேல் தன் நிலத்தில் குடியிருக்கவில்லை என்று.

"எழுதிட்டுப் போறான். வீட்டை விட்டு நான் எங்க போனேன்? சந்திரனுக்கா?" என்றாள் சின்னேவா.

ஜூன் மாதத்துக் காலையில் ஓஸ்முண்டின் வண்டியில் கிளம்பினார்கள். புல் இடுப்புயரம் வளர்ந்து, காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தது. சின்னேவா தன் ஒரே நல்ல உடுப்பைப் போட்டிருந்தாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"ராக்னா, ஒண்ணு சொல்லணும். ஹால்வர் சொல்றார், கல்யாணம் ஆனதும் முதல் வேலையா நடுவுல ஒரு சுவர் எழுப்பிடலாம்னு."

"எங்க?"

"வீட்டுலதான். கல்வரிசை மேலயே. புருஷன் பொண்டாட்டி இருக்கற இடம், ஒரு மறைவு வேணாமா? எங்க பக்கம் புதுசா ஒரு அடுப்பு வாங்கிடுவோம். உனக்கும் தொந்தரவு இல்ல."

"சரிக்கா."

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்."

"பக்கத்துலதானடி இருக்கப் போறேன். சுவரைத் தட்டினா கேட்கும்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஓஸ்முண்ட் திரும்பாமலேயே சிரித்தார். "இவ்வளவு நாளா ஒரே கூரை, ஒரே சட்டியில சாப்பாடு. இப்ப மாப்பிள்ளை வந்ததும் சுவரா? நடக்கட்டும், நடக்கட்டும்."

ராக்னா புல்லைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் கட்டிலிலிருந்து பார்த்தால் மேற்கு ஜன்னல் தெரியும். சூரியன் இறங்குவது அதில்தான். சுவர் வந்தால் தெரியாது. இத்தனை சின்ன விஷயம்தான் அவள் மனத்தில் ஓடியது. பின்னால் யோசித்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை.

அலுவலகத்தில் ராக்னாவின் வழக்கு முதலில் வந்தது. அதிகாரிக்கு அவர்கள் மொழி தெரியாது. மொழிபெயர்க்க ஒரு கடைக்காரர் வந்திருந்தார், அவர்கள் நாட்டுக்காரர், வழுக்கைத் தலை, அன்பான முகம். ராக்னாவுக்குச் சாட்சி சொல்ல ஓஸ்முண்டும் சின்னேவாவும் நின்றார்கள்.

"இந்தப் பொண்ணு எப்பவாவது நிலத்தை விட்டுப் போயிருக்காளா?"

"இல்ல. வீட்டுலதான் இருந்தா," என்றாள் சின்னேவா, கண் இமைக்காமல்.

மூன்றாம் வருடம் மறுபடி நெஞ்சில் சளி கட்டி ராக்னா ஓஸ்முண்ட் வீட்டில் ஏழு வாரம் கிடந்திருக்கிறாள். ஓஸ்முண்ட் தன் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ராக்னாவின் பட்டாவுக்கு ஒப்புதல் கையெழுத்து விழுந்தது.

அடுத்தது சின்னேவா. டக்கெட் சுவரோரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மாட்டுக் கதையை அவன் சொன்னதும் அதிகாரிக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அந்த வீட்டில் கூட இருந்தவள் தங்கைதானே, அவளையே கேட்டுவிடலாம் என்று ராக்னாவைக் கூப்பிட்டார். வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். கேட்டார்.

கடைக்காரர் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, தலையை லேசாக ஆட்டியபடி, "அந்தக் குளிர்காலத்துல உன் அக்கா வீட்டுலதானம்மா தூங்கினா?" என்றார்.

வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல இருந்தது அவர் முகம். தலையை ஆட்டினால் போதும்.

ஆனால் ராக்னாவுக்கு அதிகாரியின் கேள்வியே புரிந்திருந்தது. வீட்டுச் சுவரில் ஒட்டிய செய்தித்தாள்களை ஐந்து வருடமாக எழுத்துக்கூட்டிப் படித்து அவள் ஆங்கிலம் கற்றிருந்தாள். அது யாருக்கும் தெரியாது, அக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் கேட்டது வீட்டிலா என்றல்ல, எங்கே என்று. புத்தகத்தின் தோல் அட்டை உள்ளங்கைக்கடியில் சில்லென்று இருந்தது. அவள் அதிகாரியைப் பார்த்தாள். கடைக்காரரை விட்டுவிட்டு, ஆங்கிலத்திலேயே, தெளிவாகச் சொன்னாள்.

"என் பக்கத்தில்."

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. யாராலும் மென்மையாக்கவும் முடியவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். "எப்போதிலிருந்து எப்போது வரை?" அதையும் சொன்னாள். எழுதும் சத்தம் கேட்டது. சின்னேவா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

உண்மையைச் சொன்னோம் என்று அன்று முழுக்க ராக்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடவுள் புத்தகத்தின் மேல் கை வைத்து வேறு என்ன சொல்ல முடியும். ஆனால் கடவுள் புத்தகம் அரை மணி முன்பும் அங்கேதான் இருந்தது. ஏழு வாரத்தைப் பற்றி அக்கா சொன்னபோது, அது அப்படி இல்லை என்று அவள் சொல்லவில்லையே. அந்த ஆங்கிலச் சொற்களை நாக்கில் உருட்டியபோது உள்ளே ஒரு மூலையில், இன்னும் எழும்பாத அந்தச் சுவர் சரிந்து விழுந்தது. அது விழுந்ததில் ஒரு கண நேரம் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது வண்டியில் ஓஸ்முண்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, வீட்டுலன்னு சொன்னா வாய் வெந்துடுமா? அந்த ஆளு ஊட்டி விடற மாதிரி கேட்டாரே! துப்பிட்டியே!"

"விடுங்கண்ணே," என்றாள் சின்னேவா. "அவ பொய் சொல்லல."

அவள் குரலில் கோபம் இல்லை. ராக்னா அதில் கோபத்தைத் தேடிக்கொண்டே வந்தாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சின்னேவாவின் பதிவு ரத்து. நிலத்தை எழுதிக்கொள்ள டக்கெட்டுக்கு முதல் உரிமை. அவன் மறுநாளே குதிரையில் வந்து ஓடையைச் சுற்றிப் பார்த்தான். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கல்வரிசையைக் காலால் தட்டி, "இதுவரைக்கும் என்னோடது, சரிதானே?" என்று சிரித்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் கல்வரிசையின் மேல் சுவர் எழுந்தது. கட்டியவன் டக்கெட். தன் பக்கத்தை அவன் தானியம் கொட்டி வைக்கும் அறையாக்கிக்கொண்டான். மேற்கு ஜன்னல் போனது போனதுதான்.

ஆனால் அது பிறகு. கடிதம் வந்த நாளிலிருந்து சின்னேவா மேசையைத் தட்டவில்லை. கல்வரிசையைத் தாண்டவே இல்லை. அடுப்பு இந்தப் பக்கம் இருந்தது. அவள் வெளியே மூன்று கல் வைத்து, புல்லை முறுக்கிப் போட்டு, தனக்கான காப்பியைப் போட்டுக்கொண்டாள். காற்றில் தீ அணையும். மண்டியிட்டு ஊதுவாள். ராக்னா தன் கதவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, உள்ள வந்து போட்டுக்கோயேன்."

"பரவால்ல. இங்க நல்லா இருக்கு."

"அக்கா, நான் அன்னைக்கு வேணும்னு..."

சின்னேவா நிமிர்ந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது.

"வேணும்னு சொன்னியா, தெரியாம சொன்னியான்னு நான் உன்னைக் கேட்டேனா? கேட்க மாட்டேன். கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவ."

பிறகு அவள் மறுபடி தீயை ஊதத் தொடங்கினாள்.

ஹால்வர் ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலையில் வண்டியோடு வந்தான். இருவரும் தேவாலயத்தில் ஐந்து நிமிடத்தில் மணம் முடித்திருந்தார்கள். ராக்னாவுக்குச் சொல்லியனுப்பவில்லை, மறைக்கவும் இல்லை. இருவருக்கும் இனி எழுதிக்கொள்ள நிலம் கிடையாது. மேற்கே எங்கோ ஒரு பெரிய பண்ணையில் அவனுக்கு உழவு வேலை, அவளுக்குக் கூலிக்காரர்களுக்குச் சமைக்கும் வேலை.

ராக்னா விடிந்ததும் உண்மையான காப்பிக் கொட்டை அரைத்துக் காப்பி போட்டாள். தட்டை ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டினாள், அக்காவுக்குப் பிடிக்கும்படி ஓரம் மொறுமொறுப்பாக. எல்லாவற்றையும் மேசையில், கோட்டுக்கு அந்தப் பக்கம், சின்னேவாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் பக்கத்தில் நின்றாள்.

ஹால்வர் கட்டிலைப் பிரித்து எடுத்துப் போனான். பூக்கள் வரைந்த மரப்பெட்டியை எடுத்துப் போனான். டாக்ரோஸின் கயிற்றைச் சின்னேவா தொடவில்லை. இருவருக்கும் பொதுவான மாடு. அதை விட்டுவிட்டாள். ஹால்வர் கடைசியாக வாசலில் நின்று தொப்பியைக் கையில் எடுத்து, "உடம்பைப் பார்த்துக்க ராக்னா. குளிருக்கு முன்னாடி ஓஸ்முண்ட் அண்ணன்கிட்ட சொல்லி விறகு வாங்கிப் போட்டுக்க," என்றான். அவள் தலையை ஆட்டினாள். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

சின்னேவா துடைப்பத்தை எடுத்துத் தன் பக்கத்தைக் கூட்டினாள். மூலையிலிருந்து தொடங்கி, கட்டில் கால் பதிந்த குழிகளைத் தாண்டி, கல்வரிசை வரைக்கும். நேற்றைக்கு இருந்ததுபோல் நாளைக்கும் இங்கேயே இருக்கப் போகிறவளைப் போல நிதானமாகக் கூட்டினாள். காப்பியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

சொல்ல வேண்டியது ராக்னாவின் தொண்டை வரை வந்திருந்தது. சுவரைப் பற்றி. அந்த நிம்மதியைப் பற்றி. சொன்னால் ஏதாவது ஆகியிருக்குமா என்று தெரியாது. வண்டியில் கேட்ட "கோபமா?" என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது கிடைத்திருக்கும். அவள் விரல் மேசை விளிம்பைத் தொட்டது. இரண்டு தட்டுத்தான். அவள் தட்டவில்லை.

வரிசையில் ஒரு கல் பெயர்ந்து கிடந்தது. டக்கெட்டின் காலடியில் பெயர்ந்ததாக இருக்கும். சின்னேவா குனிந்து அதை எடுத்துப் பாவாடையில் மண் போகத் துடைத்தாள். அதன் குழியில் திரும்ப வைத்து, குதிகாலால் அழுத்தி, மற்ற கற்களோடு நேராக நிற்கிறதா என்று ஒரு கணம் பார்த்தாள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். தன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.